சந்தேகத்துக்கு நோய்ப் பெயர் இல்லை

அத்தியாயம் ஆறு

"எனக்கு வலிப்பு நோய்னு எழுதின கையை மட்டும் காட்டுங்க! வேற எதுவும் வேணாம்!"

வேன் டிரைவரின் உள்ளங்கை வரவேற்பு மேஜையில் இறங்கிய வேகத்தில் பேனா ஸ்டாண்டு துள்ளித் தரையில் உருண்டது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நாற்காலியோடு ஓரடி பின்வாங்கினாள்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா. மேஜை உடைஞ்சா அதுக்கும் ஒரு நம்பர் போட்டு உங்க தலையிலயே கட்டிடுவாங்க" என்றாள் வால்.

வால் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஆளுக்குத் தெரியாமல் பின்தொடர்வதில் கெட்டிக்காரி என்பதால் தொழிலில் வந்த பேர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். மூன்று வயதில் செய்த அட்டகாசத்தில் வந்த பேர் என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டாவதுதான் உண்மை.

அவளுடைய முதலாளி குனிந்து, சிதறிக் கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டாண்டில் வைத்தார். அறுபது வயது முழங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் முழங்காலிடம் அனுமதி கேட்கவில்லை. துப்பறியும் தொழிலில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றே அழைத்தார்கள். எந்த வழக்கைத் தொடங்கினாலும் அரை நிமிடம் கண்ணை மூடி, "ஆண்டவனே, அவசரப்பட்டு யாரையும் நோகடிக்காம பார்த்துக்கோ" என்று வேண்டிக்கொள்வது அவர் வழக்கம். அந்த அரை நிமிடத்தில் எத்தனை திருடர்கள் தப்பியிருப்பார்கள் என்று வால் ஒரு பட்டியலே வைத்திருந்தாள்.

வழக்கு இதுதான். டிரைவர் பத்தொன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்பு வெயிலில் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், 'மயக்கம். வலிப்பாக இருக்கலாம் என்று சந்தேகம். பரிசோதித்துப் பார்க்க வேண்டும்' என்று எழுதினார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன தாளில் சந்தேகம் காணாமல் போய், வலிப்பு நோய்க்கான எண் மட்டும் மிஞ்சியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குச் செய்தி எட்டியது. வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாவி இல்லாத வெறும் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டுதான் அவர் நிதானத்தைத் தேடி வந்தார்.

அந்த எண் எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போனதில் வழி இந்த மூன்றாம் மாடிக்கு வந்து நின்றது. ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் எழுதிய குறிப்புகள் இங்கே வரும். வரிசை வரிசையாகக் கணினி முன் அமர்ந்தவர்கள் அவற்றைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்புவார்கள். கோடிங் என்பார்கள். ஒரு மனிதன் வலியில் முனகியதெல்லாம் இங்கே வந்தால் நாலைந்து எழுத்தாகிவிடும்.

கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "கத்தறதை நிறுத்தச் சொல்லுங்க சார். ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. உள்ளே வாங்க."

உள்ளே போனதும் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"டிரெய்னி. சேர்ந்து மூணு மாசம். முப்பத்தொன்பது வயசுல கோர்ஸ் முடிச்சிட்டு வந்து நின்னாங்க. பாவமேன்னு எடுத்தேன். பாவம் பார்த்த இடத்துல பழி வந்து உட்கார்ந்திடுச்சு."

திரையில் இருந்த புகைப்படத்தைப் பார்த்த வால் வாயைத் திறந்தாள். வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"சார், அது எங்க அண்ணி" என்றாள்.

மேலாளருக்கு அது ருசித்தது. "அப்போ விசாரணை வீட்டுக்குள்ளேயே முடிஞ்சிடும்."

அவர் அடுக்கினார். ஒரு நாளைக்கு அறுபது குறிப்பு முடிக்க வேண்டும். இந்த அம்மா தொடர்ந்து பின்தங்கியிருந்தார். போன மாதம் அடுத்தடுத்து மூன்று நாள், மதியம் ஒன்று பத்துக்கும் ஒன்று ஐம்பதுக்கும் இடையில், அவருடைய லாகினில் இருபத்திரண்டு குறிப்புகள் மளமளவென்று முடிந்திருக்கின்றன. அதில் ஏழில் டாக்டர் சந்தேகம் என்று எழுதியதெல்லாம் நோயாகவே போயிருக்கிறது. ஏழில் ஒன்று டிரைவருடையது.

"டார்கெட்டுக்காக வாய்க்கு வந்ததை எழுதியிருக்காங்க. நாலு மணிக்கு வேலையை விட்டு நிறுத்தற லெட்டரைக் கையில கொடுப்பேன். பதிவைத் திரிச்சாங்கன்னு போட்டுத்தான் கொடுப்பேன். அப்புறம் இந்தத் தொழில்ல ஒரு கம்பெனியும் வாசல்ல நிக்கக்கூட விடாது."

நிதானம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை.

"நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க சார். தப்பான ஆள் பேரை எழுதிட்டோம்னா வெளியே நிக்கற மனுஷனுக்கு நடந்ததேதான் இங்கேயும் நடக்கும்."

"நாலுன்னா நாலு" என்றார் மேலாளர்.

அண்ணியின் இருக்கை ஜன்னலை ஒட்டிய மூலையில் இருந்தது. மேஜையில் செங்கல் கனத்தில் நோய் எண்கள் அடங்கிய ஒரு புத்தகம். பக்கவாட்டில் கலர் கலராகக் காகித நாக்குகள் ஒட்டி, தானே தயாரித்த அடையாளங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. அண்ணி நிமிர்ந்து வாலைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"வேடிக்கை பார்க்க வந்தியா?"

"வேலையா வந்தேன் அண்ணி."

"அம்மா அனுப்பினாங்களா, அண்ணன் அனுப்பினாரா? சொல்லிடு. நீ சொன்னது பலிச்சிடுச்சுன்னு."

வாலுக்குச் சுருக்கென்றது. அண்ணி அந்தக் கோர்ஸில் சேர்ந்த அன்று அவள்தான் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: 'அடுப்பை அணைச்சோமான்னு மூணு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கறவங்க, ஊரான் நோய்க்கு நம்பர் போடப் போறாங்களாம்.' வீடே சிரித்தது. அண்ணியும் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு வாலிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இது என்ன சந்தைக்கடையா?"

பின்னாலிருந்து வந்த குரலில் நாலு மேஜைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐம்பது தாண்டிய ஓர் அம்மாள், சிவப்புப் பேனாவைக் கத்தி போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் போட்ட எண்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. தளம் முழுக்க அவளுக்குச் 'சிவப்புப் பேனா' என்றுதான் பேர்.

"வேலை செய்யறதுதான் இல்லை, ஆள் வேற கூட்டிட்டு வந்து அரட்டையா? நேத்து போட்டதுல நாலு தப்பு. இடது தோள்பட்டைக்கு வலதுன்னு போட்டிருக்கே. உனக்கு ரெண்டும் ஒண்ணா?"

"திருத்திடறேன் மேடம்."

"கிழிச்சே." அவள் போய்விட்டாள்.

"அடேங்கப்பா" என்றாள் வால். "இவங்க பக்கத்துல நின்னா எலுமிச்சம்பழம்கூடத் தன்னைத் தித்திப்புன்னு நினைச்சுக்கும்."

நிதானம் நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார். "அம்மா, அந்த மூணு நாளும் மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் இந்த நாற்காலியில நீங்க இருந்தீங்களா?"

"இல்லை."

"எங்கே இருந்தீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"அண்ணி! வேலையே போகப் போகுது!"

"உன்கிட்டன்னா சத்தியமா சொல்ல மாட்டேன்."

பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை. வாலின் மனதுக்குள் ஒரு புழு நெளிந்தது. சொல்ல முடியாத இடம் என்றால் என்ன இடம்? ஒருவேளை மேலாளர் சொன்னதே சரியோ?

"கிளம்பறப்போ கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுத்தானே போனீங்க?" என்று கேட்டார் நிதானம்.

அண்ணியின் கண் தரைக்குப் போனது. "அவசரம். மறந்துட்டேன். மூணு நாளும்."

நிதானம் அவள் நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு வரி. 'எழுதாதது நடக்காதது.' அதற்குக் கீழே, 'சந்தேகம் என்றால் நோயை எழுதாதே. அறிகுறியை எழுது.'

"இது ரெண்டும் என்னம்மா?"

"பாடம் சார். டாக்டர் எழுதாததை நாமளா சேர்க்கக் கூடாது. வெளியிலேர்ந்து வந்து காட்டிட்டுப் போற நோயாளிக்கு, டாக்டர் சந்தேகம்னு சொன்னா அவரே இன்னும் முடிவு பண்ணலைன்னு அர்த்தம். மயக்கம்னு வந்தாரா, மயக்கத்துக்கு உள்ள நம்பரைப் போட்டு நிறுத்திக்கணும். தீர்ப்பு எழுத நாம யாரு?"

சொல்லும்போது அவள் குரல் முதல் முறையாக நிமிர்ந்து நின்றது. நிதானம் தலையாட்டினார். அதே மூன்று நாட்களில் அவள் காலையிலும் மாலையிலும் முடித்த குறிப்புகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். சந்தேகம் என்ற சொல் பதினோரு இடத்தில் வந்தது. பதினோரு இடத்திலும் அறிகுறிக்கான எண்தான். பிறகு மதிய வேளைக் குறிப்புகள். ஏழு இடத்தில் சந்தேகம். ஏழிலும் நோய்.

"வாலு, ஒரே ஆள் காலையில வலது கையால எழுதி, மதியம் இடது கையால எழுதி, சாயங்காலம் மறுபடியும் வலது கைக்கு மாறுவாங்களா?"

"மாட்டாங்க சார். மதியம் வேற கை." வால் நோட்டைப் புரட்டினாள். அண்ணி செய்த தவறுகளைச் சிவப்புப் பேனா பக்கம் பக்கமாகக் குறித்திருந்தாள். பேனாவின் அழுத்தத்தில் சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது. எல்லா நாளும் சிவப்பு. அந்த மூன்று நாட்களின் காலைக்கும் மாலைக்கும் சிவப்பு. மதிய வேளை இருபத்திரண்டுக்கும் ஒரு புள்ளிகூட இல்லை.

"சார்!" வால் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "இந்தம்மா பால்ல தண்ணின்னா மட்டுமில்ல, தண்ணியில தண்ணின்னாலும் குத்தம் சொல்ற ரகம். இருபத்திரண்டை மட்டும் கண்ணை மூடி விட்டிருக்காங்க. ஏன்? தானே எழுதினதுல தானே என்னன்னு குத்தம் சொல்றது? கவுக்கணும்னே அண்ணி சீட்டுல உட்கார்ந்து..."

"சந்தேகம்னா என்ன எழுதணும்?"

வால் பல்லைக் கடித்தாள். "அறிகுறியை."

"அப்போ அதை மட்டும் எழுது. சிவப்பு இல்லை. அவ்வளவுதான்." அண்ணி பக்கம் திரும்பினார். "சந்தேகத்தை நோயாவே எழுதற இடம்னு எங்கேயாவது உண்டாம்மா?"

அண்ணி யோசித்தாள். "உண்டு சார். வார்டுல படுத்து வைத்தியம் பார்க்கற உள்நோயாளிக்கு. வீட்டுக்கு அனுப்பறப்போ டாக்டர் சந்தேகம்னே முடிச்சிருந்தா, நோய் இருக்கற மாதிரியே எண் போடணும். அது வேற பிரிவு. இந்த ஆபீஸ்ல அந்த வேலை கிடையாது. புத்தகத்துல படிச்சதோட சரி."

"அந்தப் பிரிவுலேர்ந்து இங்கே வந்தவங்க யாராவது?"

அண்ணியின் பார்வை ஒரு கணம் தளத்தின் மறு கோடிக்குப் போய்த் திரும்பியது. உதட்டை மடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன் சார். நானும் பார்க்கலை. சந்தேகம்தானே."

அவள் சொல்லாததை நடைபாதை அறிவிப்புப் பலகை சொன்னது. வால் அங்கே போய் நின்று, ஊழியர் அறிமுகத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவது வரிசையில் சிரிக்காத ஒரு முகம். கீழே: 'இங்கு சேர்ந்து ஒன்றரை ஆண்டு. முன் அனுபவம், உள்நோயாளிப் பிரிவு, பதினான்கு ஆண்டுகள்.'

வால் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். "பதினாலு வருஷப் பழக்கம் சார்! மூளை இங்கே வந்துடுச்சு, கை இன்னும் வார்டுலயே இருக்கு!"

"நீ இன்னைக்கு மதியமே ஓய்வு எடுத்துக்கலாம்" என்றார் நிதானம். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

ஆனால் சிவப்புப் பேனாவைப் பிடிப்பது அத்தனை சுலபமாக இல்லை. "டைம் இல்லை" என்றாள். "மீட்டிங்" என்றாள். கடைசியாக மூன்று நாற்பதுக்கு, தாள்கள் குவிந்திருந்த அவள் மேஜை முன்னால் போய் நின்றார்கள்.

"ஒரே ஒரு தாள் மேடம்" என்று நிதானம் நீட்டினார். மேல் பகுதி மடிந்திருந்தது. "இதுல தப்பு இருக்கான்னு சொன்னா போதும். எனக்கு இந்த விஷயம் ஒண்ணும் புரியலை."

"புரியாதவங்க எதுக்கு விசாரிக்க வர்றீங்க?"

"அதைத்தான் நானும் ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன் மேடம்" என்றாள் வால். "அவருக்குத்தான் பதில் தெரியலை. உங்களுக்கும் தெரியலைன்னா சொல்லிடுங்க, கிளம்பிடறோம்."

"எனக்கா தெரியாது?" வெடுக்கென்று தாளைப் பிடுங்கினாள். கண் வரிகளில் ஓடியது. "மூச்சுத் திணறல், நிமோனியா என்று சந்தேகம்... நிமோனியாவுக்கு நம்பர். சரியாத்தானே இருக்கு. இதுல என்ன தப்பைக் கண்டீங்க?"

நிதானம் கையை நீட்டி, தாளின் மடிப்பை மெதுவாகப் பிரித்தார். மேல் வரியில் 'புறநோயாளி' என்று இருந்தது.

சிவப்புப் பேனாவின் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. பிறகு தாளை மேஜையில் வீசினாள்.

"ஓகோ. பொறி வெச்சீங்களா? மடிச்ச தாள்தான் உங்க ஆதாரமா? இதை வெச்சு யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது."

"முடியாதுதான்" என்றார் நிதானம் பணிவாக.

"முடியாதா?" வால் கொதித்தாள். "சார், இவங்கதான்! அண்ணியைத் தினமும் அரிஞ்சு எடுக்கறாங்க. அது பத்தாம, அவங்க பேர்ல தப்பா எழுதி, வெளியில துரத்தத் திட்டம் போட்டு..."

"வாலு." அவர் குரல் உயரவில்லை. அவள் நிறுத்திவிட்டாள். "மறுபடியும் அறிகுறியை விட்டுட்டு நோய்க்குப் போயிட்டே. உங்க அண்ணி அப்போ டார்கெட்ல பின்தங்கியிருந்தாங்க. அவங்களைத் துரத்தணும்னா இவங்க என்ன செஞ்சிருக்கணும்?"

வால் யோசித்தாள்.

"ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்றார் நிதானம். "சும்மா இருந்தாலே போதும். அந்த இருபத்திரண்டும் முடியாம கிடந்திருக்கும், அந்த வாரமே லெட்டர் வந்திருக்கும். இவங்க சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு வந்து உட்கார்ந்து முடிச்சிருக்காங்க. பதினஞ்சு குறிப்புல ஒரு குறையும் இல்லை. கெடுக்கறவங்க பதினஞ்சைச் சரியா செய்வாங்களாம்மா?"

சிவப்புப் பேனா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஆமா, நான்தான். இப்போ என்ன? கைதட்டணுமா?" முதுகுதான் பேசியது. "முதல் நாள் அந்தப் பக்கமா போனேன். திரை திறந்து கிடக்கு. பூட்டத் துப்பில்லை. இன்னும் எட்டு பாக்கி. மூணு நாள் எண்ணிக்கை குறைஞ்சா டிரெய்னியை அனுப்பிடுவாங்க. நானும் நாற்பதைத் தொட்ட பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவ. எனக்கு ஒருத்தரும் ஒரு குறிப்பு முடிச்சுக் கொடுக்கலை. நடுங்கி நடுங்கிக் கத்துக்கிட்டேன். அவளும் நடுங்கட்டுமேன்னுதான் நினைச்சேன். கை கேக்கலை."

"பிறகு எதுக்கு மேடம் தினமும் இப்படித் திட்டறீங்க?" என்றாள் வால். குரலில் பாதி கோபம் கரைந்திருந்தது.

"சிரிச்சுப் பேசினா இடது தோள் வலது தோளா மாறாம இருக்குமா? கத்துக்கணும்னா வலிக்கணும்." திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "அவசரத்துல முடிச்சேன். கை பழைய வழியிலேயே போயிடுச்சு. இன்னைக்கு அந்த டிரைவர் வந்து கத்தினப்போதான் எனக்கே தெரிஞ்சது. அடுத்தவங்க லாகின்ல உட்கார்ந்தா என்னைத் தூக்கிடுவாங்க. என் வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்தி. போதுமா? இப்போ உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"எங்க அண்ணி அப்படி எங்கேதான் போனாங்க?" வால் தன்னையறியாமல் கேட்டாள். அந்தப் புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

"உனக்குத் தெரியாதா? அவ வீட்டுப் பொண்ணுதானே நீ?" சிவப்புப் பேனா ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணு அஞ்சுக்குப் போனைக் காதுல வெச்சுக்கிட்டே ஓடுவா. 'அத்தை, கண்ணைக் கசக்காதீங்க. பத்து நிமிஷத்துல வந்து சொட்டு மருந்து போடறேன்'னு. டிரெய்னி சாப்பாட்டு நேரத்துல கட்டடத்தை விட்டுப் போகக் கூடாதுன்னு விதி. அதான் வாயைத் திறக்க மாட்டேங்கறா."

வாலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

போன மாதம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாலு வேளைச் சொட்டு மருந்து. மதிய வேளை வாலின் பொறுப்பு என்று அவளே ஏற்றுக்கொண்டாள். மூன்றாவது நாளே, 'கேஸ் விஷயமா அலையறேன்மா, நீயே போட்டுக்கோயேன்' என்று போனில் சொல்லிவிட்டாள். அம்மா தன் கையாலேயே போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடப் பொய். அந்த விஷயமே மறந்துபோயிருந்தது. அடுப்பை மூன்று தடவை போய்ப் பார்க்கிற அண்ணி கணினியைப் பூட்ட மறந்தாள் என்றால், அத்தனை அவசரம் யாரால் வந்தது?

"சார்" என்றாள். போனை எடுத்து அம்மாவின் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டாள்.

நிதானம் அவள் பக்கம் பார்க்கவில்லை. அதுவும் ஒரு தயவுதான். சிவப்புப் பேனாவிடம் சொன்னார். "மேடம், நான் உங்க பேரை மேலாளர்கிட்ட சொல்லப்போறதில்லை. மடிச்ச தாள் ஆதாரம் ஆகாதுன்னு நீங்க சொன்னது சரி. நாலு மணி ஆக இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. அதோ அங்கே மட்டும் ஒரு தடவை பாருங்க."

கண்ணாடிக்கு அப்பால் வரவேற்பு தெரிந்தது. டிரைவர் சோபாவில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். அண்ணி கொண்டுவந்து வைத்த தண்ணீர் அவர் முன்னால் தொடப்படாமல் இருந்தது. அண்ணி தரையோடு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாகப் பேச்சு கேட்டது.

"உங்க பேர்லதானே போயிருக்கு? பிறகு என்ன நல்லவங்க வேஷம்?"

"என் பேர்லதான் போயிருக்கு. அதான் எழுதறேன். பதிவைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, காப்பீட்டுக்கு ஒண்ணு. எந்த இடத்துக்கு எப்படி எழுதணும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாலு மணிக்கு மேல என்னை உள்ளே விட மாட்டாங்க, அதுக்குள்ள முடிச்சுடறேன். மயங்கி விழுந்த தேதி என்னண்ணே?"

"தண்ணி வேணாம், எடுத்துட்டுப் போங்க."

"இருக்கட்டும். தேதி?"

சிவப்புப் பேனா நெடுநேரம் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக் கைப்பையில் செருகினாள். ஏதோ நினைத்து வெளியே எடுத்து மேஜையிலேயே வைத்துவிட்டு நடந்தாள். நேராகக் கண்ணாடி அறைக்கு.

உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மேலாளரின் கை இரண்டு தடவை மேஜையில் அடித்தது. சிவப்புப் பேனா நின்றபடியே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு உறை வெளியே வந்தது. பேர் மட்டும் மாறியிருந்தது. விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வரக் கூடாது. அண்ணிக்கு, கணினியைப் பூட்டாமல் வெளியே போனதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலை தப்பியது. மேலாளர் யார் முகத்தையும் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவப்புப் பேனா வரவேற்புக்கு வந்தாள். அண்ணி பதறி எழுந்தாள். "மேடம், நீங்களா..."

"பூட்டத் தெரியாதா உனக்கு?" என்றாள் அவள். "எழுந்திருச்சா ரெண்டு பட்டனை அழுத்தணும். இது கூடவா நான் சொல்லித் தரணும்?"

அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. டிரைவர் முன்னால் போய் நின்றாள்.

"எழுதின கையைக் காட்டுன்னு கேட்டீங்களாமே." வலது கையை நீட்டினாள். விரல் நுனியில் சிவப்பு மை. "இதுதான். திருத்தச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டுட்டேன். பத்து நாள் ஆகும். சாவி திரும்ப வரும்."

டிரைவர் எழுந்தார். இத்தனை நாள் கோபம் அந்த மனிதரின் தாடையில் துடித்தது. கையில் இருந்த வெறும் வளையம் சுற்றுவதை நிறுத்தியது. கையை நீட்டியபடியே அவள் அடிக்குக் காத்திருக்கும் பிள்ளை போலக் கண்ணை இறுக மூடியிருந்ததை அவர் பார்த்தார். பத்தொன்பது வருடம் பயந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவர் அவர்.

மேஜையிலிருந்த தம்ளரை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"முதல்ல உட்கார்ந்து தண்ணியைக் குடிங்கம்மா. அப்புறம் திட்டறேன்."

லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது நிதானம் கண்ணை மூடியிருந்தார். எழுதாதது நடக்காதது என்பது அலுவலக விதி. மேலே இருக்கிறவனுடைய புத்தகத்தில் அந்த விதி கிடையாது என்று அவர் உறுதியாக நம்பினார்.

பை தோளில் தொங்க அண்ணி வந்து நின்றாள். வால் அவள் பக்கத்தில் நகர்ந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு மதியச் சொட்டு?"

"காலையிலேயே பக்கத்து வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன். இப்பல்லாம் ஓடறதில்லை."

"சாயங்காலச் சொட்டு இனிமே நான் போடறேன்."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பது எச்சரிக்கைக் கடிதத்துக்குச் சமமான பார்வை.

"எந்தக் கண்ணுல?"

வால் வாயைத் திறந்தாள். வலதா? இடதா? லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மறுபடி மூடிக்கொள்ளத் தொடங்கியது. நிதானம் கையிலிருந்த குடையை நீட்டிக் கதவைத் தடுத்தார்.

"தெரியலை அண்ணி" என்றாள் வால்.

"நல்லவேளை, நீயா ஒண்ணைச் சொல்லலை." அண்ணி பையிலிருந்து நோட்டை எடுத்துத் தாள் ஒன்றைக் கிழித்தாள். சுவரில் வைத்து ஒரே ஒரு சொல்லை எழுதி, இரண்டாக மடித்து நாத்தனார் கையில் கொடுத்தாள். "மடிப்பைப் பிரிச்சுப் பார்த்துட்டுப் போடு."